ஆளுக்கு ஓர் எழுத்து

எங்கள் போட்டில் இங்கிலீஷ் தெரிந்தவர் ஒருவர்தான். என் தங்கையின் புருஷன். எனக்கு மச்சான். இருவருக்கும் ஒரே வயது.

தேங்காப்பட்டணம் துறைமுகத்திலிருந்து கிளம்புவோம். ஆழ்கடலில் தூண்டில் தொழில். சூரை, சுறா. ஐஸ் தீரும் வரை கடலில்தான் கிடப்பு. சில தடவை ஓமான் கரை எங்கள் கரையைவிடப் பக்கத்தில் இருக்கும். அங்கே போகக் கூடாது. போனால் போட்டைப் பிடித்துக்கொள்வார்கள். ஆட்களுக்கு ஜெயில்.

எங்கள் கடப்புறத்துப் போட்டுகளில் வேலை பிரித்து வைத்திருக்கும். போட்டை நடத்த ஸ்ராங்கு. எஞ்சினுக்கு ஒருவன். சோறு பொங்க ஒருவன். அதுபோல கப்பல்காரனிடம் பேச ஒருவன். தூண்டில் கயிறு கடலில் மைல்கணக்கில் கிடக்கும். பெரிய கப்பல் அதன்மேல் ஏறிவிட்டால் எல்லாம் போச்சு. வயர்லெஸ் செட்டில் கூப்பிட்டு, விலகிப் போ என்று இங்கிலீஷில் சொல்ல வேண்டும். மச்சான் பஹ்ரைனில் அரபி ஒருவரின் போட்டில் வேலை பார்த்தவர். அவர் மைக்கை எடுத்தால் கப்பல் விலகும். வேறு யாரும் மைக்கைத் தொட்டது கிடையாது. சோறு பொங்குகிறவன் இருக்கும்போது அடுப்பில் எவன் கை வைப்பான்? அப்படித்தான் இதையும் நினைத்தோம்.

ஒரு நாள் தூண்டில் போட்டுவிட்டுக் காத்துக் கிடந்தோம். மச்சான் சொன்னார்.

“எலே, நாளைக்கு எனக்கு வயித்துப்போக்கு வந்தா கப்பல்காரன்ட்ட எவம்லே பேசுவான்?”

“நீரு கக்கூசுல இருந்தே பேசும். வயரு எட்டும்” என்றான் சமையல்காரன்.

சிரித்தார்கள். மச்சான் விடவில்லை. ஆளுக்கு ஓர் எழுத்து கொடுத்தார். பிடித்த மீனைப் பங்கு வைக்கிற மாதிரி. ஸ்ராங்குக்கு பி. சமையல்காரனுக்கு டி. எஞ்சின்காரனுக்கு ஹெச். வாய் ஓயாத ஒருவன் உண்டு, அவனுக்கு எஸ். இப்படியே போனது. அவரவர் எழுத்தில் தொடங்கும் இங்கிலீஷ் வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டு வர வேண்டும். பொருளும் சொல்ல வேண்டும். முறை வரும்போது புது வார்த்தை இல்லாதவன் அன்றைக்கு இரைமீன் முழுவதையும் தனியாக வெட்ட வேண்டும்.

“உனக்கு எது வேணும்?” என்று என்னைக் கேட்டார்.

“எது கிடக்கோ அது.”

“டபிள்யூ வச்சுக்கோ. ஒருத்தனும் கேக்கல.”

நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இங்கிலீஷ் எழுத்தைக் கண்டால் தெரியும். அதற்குமேல் இல்லை. கரையில் நின்ற நாட்களில் என் மகளிடம் கேட்டேன். ஒன்பதாம் வகுப்பு. மீன் கழுவிக்கொண்டே சொல்வாள். வாட்டர், தண்ணீர். விண்ட், காற்று. வேவ், அலை. வெஸ்ட், மேற்கு. வெயிட், காத்திரு. வீக், பலம் இல்லாதது. வூண்ட், புண். வெப்பன், ஆயுதம். நான் வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்ப்பேன்.

“அப்பாக்கு பரீட்சையா?” என்று சிரிப்பாள்.

“இரை வெட்டாம இருக்கணும்” என்பேன்.

விடோ என்றும் ஒன்று சொன்னாள். புருஷனை இழந்தவள். அதை நான் போட்டில் சொன்னது கிடையாது. கடலில் சொல்லத் தக்க சொல் இல்லை அது. முறை வந்து வேறு ஒன்றும் வாயில் வராத நாளில் பேசாமல் இரை வெட்டினேன்.

நல்ல விளையாட்டாகத்தான் போனது. சமையல்காரன் ஒரு நாள், டாக் நாய், டாங்கி கழுதை, டெவில் பிசாசு என்று அடுக்கினான். “வீட்டுல உள்ள எல்லாரையும் சொல்லி முடிச்சிட்டியா?” என்று எஸ்காரன் கேட்டான். அடிதடி வரப் பார்த்தது. இன்னொரு நாள் எஸ்காரன் ஹாஸ்பிட்டல் என்று சொல்லிவிட்டான். எஞ்சின்காரன் எழுந்தே விட்டான்.

“என் எழுத்தத் தொடாதடே. ஒன் சோலியப் பாரு.”

அதன்பிறகு யாரும் அடுத்தவன் எழுத்தைத் தொடவில்லை. கேட்கக்கூட இல்லை. இங்கிலீஷையும் கூறு போட்டு வைத்துக்கொண்டோம். முழுதாக வைத்திருந்தவர் மச்சான் ஒருவர்தான்.

ஒரு தடவை கடலில் கிடந்தபோது எங்கள் மாதா கோயில் திருவிழா வந்தது. எங்கள் கரைப் போட்டுகள் எல்லாம் கொடியேற்றத்துக்குத் திரும்பிவிட்டன. எங்களுக்கு நல்ல மீன். ஸ்ராங்கு நிற்கலாம் என்றார். நின்றோம்.

தூண்டில் இழுக்கும்போது பெரிய சுறா ஒன்று. மச்சான் கயிற்றைப் பிடித்திருந்தார். சுறா திரும்பியது. கயிறு ஓடியது. அடுத்த தூண்டில் முள் அவர் வலது உள்ளங்கையில் ஏறி மணிக்கட்டுப் பக்கம் வெளியே வந்தது. நான் கயிற்றை வெட்டினேன். எஞ்சின்காரன் குறடு கொண்டுவந்து முள்ளின் முனையை நறுக்கினான். உருவி எடுத்தோம். மச்சான் சத்தம் போடவில்லை. டெட்டால் ஊற்றினபோதுதான் மாதாவே என்றார்.

முள் குத்துவது எங்களுக்குப் புதிது இல்லை. கட்டுப் போட்டோம். களியக்காவிளையில் வாங்கின மாத்திரை இருந்தது. கொடுத்தோம். அவர் இடது கையால் சோறு தின்றார்.

கை வீங்கியது. பிறகு முழங்கை வரை. நிறம் மாறியது. காய்ச்சல் ஏறியது. கட்டை அவிழ்த்தபோது வந்த வாடையில் சமையல்காரன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மாத்திரை தீர்ந்தது.

ஸ்ராங்கு கிழக்கே திருப்பினார். வீட்டுக்கு. ஆனால் வழி அதிகம். அவருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

“மேக்க போவோம். ஜெயிலுண்ணா ஜெயிலு” என்றேன்.

“பத்து பேரு குடும்பம்டே. நான் என்ன பதில் சொல்லுவேன்?”

“என் தங்கச்சிக்கு என்ன பதில் சொல்லுவீரு?”

அவர் போட்டைத் திருப்பவில்லை. நானும் அதன்பிறகு கேட்கவில்லை. அவர் சொன்னதும் சரிதான்.

செட்டில் எங்கள் ஆட்கள் பேசுகிற சேனலில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தோம். ஒருவரும் இல்லை. எல்லாரும் தேர் இழுத்துக்கொண்டிருந்திருப்பார்கள். கரைக்கு எட்டுகிற போன் எங்களிடம் இல்லை. மீதம் இருந்தது கப்பல்தான். கப்பலில் மருந்து இருக்கும். நினைத்தால் ஆளையும் ஏற்றிக்கொள்வார்கள். ஆனால் பேச வேண்டும். பேசுகிறவர் காய்ச்சலில் கிடந்தார்.

மதியம் ஒரு கப்பல் தெரிந்தது. எஸ்காரன் மைக்கை எடுத்தான்.

“முதல்ல ஸார்னுதானே கூப்பிடணும்? அது என் எழுத்தாக்கும்.”

ஸார், ஷிப், ஸ்டாப், ஸிக், ஸீரியஸ் என்று கத்தினான். கப்பலில் இருந்து குரல் வந்தது. வேகமாக ஏதோ கேட்டது. அவன் யெஸ் ஸார் என்றான். மறுபடி கேட்டது. யெஸ் ஸார். எஞ்சின்காரன் மைக்கைப் பிடுங்கி ஹெல்ப், ஹேண்ட், ஹாஸ்பிட்டல் என்றான். ஸ்ராங்கு பிடுங்கி பிளட், பேட் என்றார். சமையல்காரன் டேஞ்சர், டெட் என்றான். எல்லாரும் உயிரைக் கொடுத்துத்தான் கத்தினார்கள். ஆளுக்கு ஒரு குரல். யார் என்ன சொல்கிறான் என்று எங்களுக்கே தெரியவில்லை.

கப்பல்காரன் ஒன்றையே திருப்பித் திருப்பிக் கேட்டான். அதில் ஒரு வார்த்தை எனக்குத் தெரிந்தது. வெப்பன். ஆயுதம் இருக்கிறதா என்று கேட்கிறான். மைக் எஸ்காரன் கையில் இருந்தது.

“யெஸ் ஸார்! யெஸ் ஸார்!”

நான் எட்டிப் பிடிப்பதற்குள் சொல்லி முடித்துவிட்டான்.

வெளியே பார்த்தேன். எங்கள் ஆட்கள் முன்பக்கம் ஏறி நின்று கையை வீசிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சோற்றுக்கு மீன் வெட்டிக்கொண்டிருந்தவர்கள். கையில் கத்தி.

அந்தக் கடலில் கப்பலைக் கொள்ளையடிக்கிறவர்களும் சின்னப் போட்டில்தான் வருவார்கள். கப்பல் முகத்தைத் திருப்பியது. பக்கவாட்டில் குழாய்களைத் திறந்துவிட்டான். தண்ணீர் பீய்ச்சி அடித்தது. நாங்கள் கிட்டே போகவே இல்லை. அது போய்விட்டது. அது கிளப்பிய அலையில் போட்டு ஆடியதில் மச்சான் கை எதிலோ இடித்தது. அப்போது அவர் போட்ட சத்தத்தை நான் இங்கே எழுத முடியாது.

கப்பல்காரன் என்ன கேட்டான் என்று எஸ்காரனிடம் சொன்னேன். அவன் உட்கார்ந்துவிட்டான்.

“நான் அறியல்லியே மக்கா. மரியாதையாட்டு பேசணும்னுதானே யெஸ்ஸுன்னு சொன்னேன்.”

யாரும் அவனைத் திட்டவில்லை. அவன் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

இனி ஒருவன்தான் பேச வேண்டும் என்றார் ஸ்ராங்கு. யார் என்பதில் மறுபடி வழக்கு. ஹேண்டும் ஹாஸ்பிட்டலும் என்னிடம் என்றான் எஞ்சின்காரன். டாக்டர் என்னிடம் என்றான் சமையல்காரன். நான் மச்சான் பக்கத்தில் இருந்தேன். துணியை நனைத்து நெற்றியில் போட்டுக்கொண்டிருந்தேன். மகள் சொல்லித்தந்ததில் நான் வெளியே விடாத அந்தச் சொல் வந்து வந்து போனது. துரத்தத் துரத்த வந்தது. தங்கைக்கு முப்பத்திரண்டு வயது.

மச்சான் கண்ணைத் திறந்தார்.

“எதுக்குடே வழக்கு?”

சொன்னேன்.

“நீ பேசு.”

“எனக்குப் பேச்சு வராது.”

“அதனாலதான் சொல்லுதேன். மத்தவனுவ பேசுவானுவ. நீ கேப்ப. அவன் என்ன சொல்லுதான்னு கேக்கணும்லா.” பிறகு, “மெள்ளச் சொல்லு. தெரியலண்ணா தெரியலன்னு சொல்லு. நோ இங்கிலீஷ்னு சொல்லு. வெக்கம் பாராத” என்றார். அவ்வளவு பேசினதற்கே மூச்சு வாங்கியது.

ஒவ்வொருவரிடமும் போனேன். உன் எழுத்தில் இதற்குத் தேவையான வார்த்தையைக் கொடு என்றேன். எஞ்சின்காரன் ஹேண்டும், தூண்டில் முள்ளுக்கு ஹூக்கும் கொடுத்தான். சமையல்காரன் டாக்டர் கொடுத்தான். எஃப் வைத்திருந்தவன் ஃபீவர், ஃபிஷிங் இரண்டும் கொடுத்தான். எஸ்காரன், “ஸ்வெல்லிங். வீக்கம். உள்ளதிலே நல்லது இதாக்கும், கொண்டு போ” என்றான். ஸ்ராங்கு போட், பிளாக், பேட் ஸ்மெல் என்று சொல்லிவிட்டு, ஸ்மெல் எஸ்காரனுடையது என்று அவனைப் பார்த்தார்.

“எடுத்துக்கிடும்” என்றான் அவன்.

ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி மனப்பாடம் செய்தேன். சின்ன வயதில் கோயிலில் ஜெபம் படித்த மாதிரி. நடுவில் ஒன்று விழுந்தால் முதலில் இருந்து. மச்சான் முனகல் வரும்போதெல்லாம் விழுந்தது.

மறுநாள் வெயில் சாயும் முன்னால் அடுத்த கப்பல் வந்தது. கத்திகளை எல்லாம் ஐஸ் அறைக்குள் போட்டு மூடச் சொன்னேன். எல்லாரையும் முன்பக்கம் உட்காரச் சொன்னேன். கையைத் தலையில் வைத்துக்கொண்டு. நடுவில் மச்சானைப் பாயோடு கிடத்தினோம். எஞ்சினை நிறுத்தினோம். கிட்டே போகிற மாதிரியே தெரியக் கூடாது.

மைக்கை எடுத்தேன்.

ஸார். ஃபிஷிங் போட். இந்தியா. ஒன் மேன் ஸிக்.

பதில் வந்தது. வேகம். ஒன்றும் பிடிபடவில்லை.

நோ இங்கிலீஷ் ஸார். ஸ்லோ.

பிறகு மெதுவாகக் கேட்டான். வாட் என்று ஆரம்பித்தான். என்ன என்று கேட்கிறான். என் எழுத்து. அதைப் பிடித்துக்கொண்டேன்.

வூண்ட் ஸார். ஹேண்ட். ஹூக். ஸ்வெல்லிங். பிளாக். பேட் ஸ்மெல். ஃபீவர். வெரி வீக். வாண்ட் டாக்டர்.

அடுத்து அதே கேள்வி வந்தது. வெப்பன்?

நோ வெப்பன் ஸார். நோ வெப்பன். ஒன்லி ஃபிஷ்.

மறுபடி கேட்டான். மறுபடி சொன்னேன். அவன் கேட்கிற கேள்வியை முழுதும் கேட்டுவிட்டுத்தான் வாய் திறந்தேன். தெரியாததுக்கு நோ இங்கிலீஷ் என்றேன். எதற்கும் யெஸ் சொல்லவில்லை.

கடைசியில் அவன் ஒரே வார்த்தை சொன்னான். வெயிட்.

காத்திரு. மகள் சொன்ன பொருள் அவ்வளவுதான். எவ்வளவு நேரம் என்று அந்தச் சொல்லில் இல்லை. கப்பல் போய்க்கொண்டே இருந்தது. வேகம் குறைந்ததா இல்லையா என்று எங்களுக்குத் தெரியவில்லை. தலையில் கை வைத்தவர்கள் வைத்தபடி இருந்தார்கள். சமையல்காரன் ஜெபம் சொல்ல ஆரம்பித்தான். ஸ்ராங்கு, “போவுதானே… போவுதானே” என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் செட்டுக்குக் காது கொடுத்திருந்தேன். அதில் இரைச்சல் மட்டும் வந்தது.

மச்சானைப் பார்த்தேன். நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தேன். ஏறி இறங்கியது. மறுபடி கப்பலைப் பார்த்தேன். சின்னதாகிக்கொண்டிருந்தது.

மைக்கை எடுத்து இன்னொரு தடவை சொன்னேன். வெயிட்டிங் ஸார். இது யாரும் எனக்குச் சொல்லித்தந்தது இல்லை. வாயில் வந்தது. சரியா தப்பா தெரியாது.

கப்பலின் முகம் திரும்பியது. எஸ்காரன்தான் முதலில் கண்டான். அழுதுவிட்டான்.

ஒரு சுவர் மாதிரி வந்து நின்றது. மேலே இருந்து ஆட்கள் எங்களை வெகு நேரம் பார்த்தார்கள். பிறகு ஒரு தொட்டில் மாதிரி இறக்கினார்கள். அலையில் எங்கள் போட்டு ஏறியும் இறங்கியும் அதன் இரும்பில் போய் முட்டியது. டயர்களைத் தொங்கவிட்டு நான்கு பேர் காலால் உதைத்துப் பிடித்துக்கொண்டார்கள். ஒன்லி ஒன் மேன் என்றது செட்டு. அது எனக்கு விளங்கியது.

மச்சானைத் தொட்டிலில் வைத்துக் கட்டினோம். இடது கையால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

“நீயும் வாலே.”

“ஒருத்தன்தான்னு சொல்லிட்டானுவ.”

“தனியா விடாத மக்கா. நான் ஒனக்கு என்ன செய்தேன்?”

காய்ச்சலில் பேசுகிறார் என்று எனக்குத் தெரியும். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். பிடி பலமாகத்தான் இருந்தது. தொட்டில் மேலே போனது. அவர் என்னைப் பார்க்கவில்லை.

வேர் ஸார், வேர், என்று செட்டில் கேட்டேன். ஸலாலா என்றான். ஓமான். ஸ்ராங்கு தலையாட்டினார். கப்பல் மேற்கே போனது. நாங்கள் கிழக்கே வந்தோம்.

அந்த வழி முழுவதும் சேதி இல்லை. சோறு பொங்கினோம், தின்றோம். யாரும் எழுத்து விளையாடவில்லை. அவர் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் எங்கள் கரையைப் பார்த்தேன். செல்போன் எட்டினதும் ஸ்ராங்கு போட்டு முதலாளிக்குச் சொன்னார். கரையில் தங்கை நின்றாள். கூட என் மனைவி.

“நீ கூட போவலியா அண்ணா?”

“விடல.”

“நீதானே பேசின. கேட்டிருக்கலாம்லா.”

கேட்கவில்லை. ஒன்லி ஒன் மேன் என்றதும் நான் வாய் மூடிவிட்டேன். எதிர்த்துப் பேச என்னிடம் ஒரு வார்த்தையும் இல்லை. அதை அவளிடம் எப்படிச் சொல்ல? தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

இரண்டாம் நாள் அவள் வீட்டில் இருந்தேன். பகல். போன் வந்தது. நீளமான நம்பர். அவள் எடுத்தாள். ஒரு பெண் மலையாளத்தில் பேசினாள். அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஆள் பிழைத்துக்கொண்டார், ஆபரேஷன் முடிந்தது, கொடுக்கிறேன் என்றாள். தங்கை தரையில் உட்கார்ந்து அழுதாள். போன் என் கைக்கு வந்தது.

“யாரு?” என்றது மச்சான் குரல். கிணற்றுக்குள் இருந்து வருகிற மாதிரி இருந்தது.

“நான்தான்.”

“அவ எங்க?”

“பக்கத்துல இருக்கா. அழுவா.”

“அப்ப கேளு. ஒண்ணும் சொல்லாத.” நிறுத்தினார். “கைய முட்டுக்கு மேல வெட்டி எடுத்துட்டானுவ.”

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

“கேட்டியா?”

“ம்.”

“அவகிட்ட இப்பச் சொல்லாண்டாம். நான் வந்து காட்டுதேன்.”

“ம்.”

“நீயும் கூட வந்திருக்கலாம்டே.”

போன் வெட்டிவிட்டது. தங்கை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள்.

“என்ன சொல்லியாரு? கை எப்படி இருக்காம்?”

“சாப்பிட்டாராம்” என்றேன்.